இருபதுக்குள் இருக்க வேண்டும்

சென்ற ஜூலை மாதம் பதினேழாம் தேதி, முற்பகல் பதினொரு மணியளவில், சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கூட்ட அரங்கில் வைத்து, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒழிக்கப்பட்டது. நானும் அப்போது அங்கே இருந்தேன். ஒழிக்கப்பட்டதற்குச் சாட்சியாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.

என் பெயர் வெண்ணிலா. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் வருகிற காட்டுப்பாளையம் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். இடைவெளியை ஒழித்தவர் பெயர் சந்திரசேகர். கற்றல் இடைவெளி நீக்கப் பிரிவின் மண்டல அலுவலர். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அதற்கு ஒரு ஜீப்பும் ஒரு செயலியும் வந்துவிட்டன.

“இடைவெளி என்பது சமூக அநீதி,” என்றார். நியாயமான பேச்சு. நான் கை வலிக்கத் தட்டினேன். அடுத்த வாக்கியத்தில்தான் வினை இருந்தது. “ஆகவே வருகிற அரையாண்டுத் தேர்வில், எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில், முதல் மார்க்குக்கும் கடைசி மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் இருபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தலைமை ஆசிரியருக்குப் பதினேழு பி.”

பதினேழு பி என்றால் குற்றச்சாட்டுக் கடிதம். அது வந்தால் பென்ஷன் நிற்கும். எங்கள் தலைமை ஆசிரியர் காளிதாஸ் சார் மே மாதம் ஓய்வு பெறுகிறவர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் கையிலிருந்த பிஸ்கட்டை அப்படியே டீயில் போட்டுவிட்டார்.

நான் எழுந்து கேட்டேன். “சார், பிள்ளைங்க மொத்தத்துல எத்தனை மார்க் வாங்கணும்?”

“அது இந்தத் திட்டத்துல வராது மேடம். இது இடைவெளித் திட்டம். மார்க் வாங்கறதுக்கு வேற திட்டம் இருக்கு.”

“போன வருஷம் மாதிரி எல்லாருக்கும் தொண்ணூத்தஞ்சு போட்டுட்டா?” என்று பின்னாலிருந்து ஒரு அனுபவசாலி கேட்டார்.

சந்திரசேகர் சார் சிரித்தார். இந்த வருஷம் விடைத்தாளைப் படம் பிடித்து ‘சமன்’ என்ற செயலியில் ஏற்ற வேண்டுமாம். தகுதிக்கு மேல் மார்க் போட்டால் அது பிடித்துவிடுமாம். தகுதிக்குக் கீழே வாங்கினால் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. செயலியைச் செய்தவர்களுக்கும் அது தோன்றவில்லை.

மணி நாலானதும் அரங்கில் இருந்த நூற்றுப்பதினாலு பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவரவர் பிள்ளைகள் படிக்கிற தனியார் பள்ளி வேன் வீட்டுக்கு வருகிற நேரம். நான் மட்டும் யோக்கியமா? என் மகள் நித்யஸ்ரீயும் எட்டாவதுதான், ராசிபுரத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியத்தில். நான் கணக்கு டீச்சர். கணக்குப் போட்டுத்தான் சேர்த்தேன்.

இப்போது என் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதில் பதினாலு பேர். முதல் மார்க் யுவஸ்ரீ, தொண்ணூற்று நாலு. கடைசி மார்க் குணசீலன், ஒன்பது. அவன் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனவர். வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அங்கே ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று பையன் வளர்ந்தான். கூட்டல் கழித்தல் மனசுக்குள்ளேயே போடுவான். கேள்வியைப் படிக்கத்தான் வராது. படித்துக் காட்டினால் விடை சொல்லுவான், ஆனால் பரீட்சையில் யார் படித்துக் காட்டுவது?

யுவஸ்ரீக்கு மார்க் வேண்டியிருந்தது. ஆசைக்கு அல்ல. மாவட்டத்தில் புதிதாக ஒரு அரசு உறைவிடப் பள்ளி வந்திருந்தது. ஒன்பதாவதுக்கு நாற்பது இடம். அரையாண்டுக் கணக்கில் எண்பதும் அதற்கு மேலும் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அவள் அம்மா பிரபா, சென்னியப்பன் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், ஜூன் மாதமே என்னிடம் வந்து சொல்லியிருந்தாள்.

“டீச்சர், புதுச்சத்திரத்துக்குப் பஸ்ஸு ரெண்டே நேரந்தானுங்க. வயசுப்புள்ளைய நடந்து அனுப்ப அவங்கப்பன் ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. ஆஸ்டல் பள்ளிக்கூடம் கெடச்சா படிப்பாளுங்க. இல்லாட்டி எங்கூட பண்ணைக்குத்தான் வாரோணும்.”

“எண்பது என்னங்க, உங்க பொண்ணு தொண்ணூறு வாங்குவா,” என்றேன். அப்போது எனக்கு இடைவெளியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். குணசீலனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு மாதம், தினமும் முக்கால் மணி நேரம். யுவஸ்ரீயைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்விகளைப் படிக்கப் பழக்கச் சொன்னேன். ஆகஸ்ட் தேர்வில் பையன் பதினாலு வாங்கினான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்லிக் கொடுத்ததில் யுவஸ்ரீக்கும் பாடம் நன்றாக ஊறி நூறு வாங்கிவிட்டாள். மார்க்கை ஏற்றினேன். செயலி சிவப்பாகி, ‘பின்னடைவு’ என்று காட்டியது. பத்தாவது நிமிஷம் சந்திரசேகர் சாரிடமிருந்து போன்.

“மேடம், எம்பத்தஞ்சா இருந்த இடைவெளி எம்பத்தாறு ஆயிருக்கு. உங்க பள்ளி பின்னாடி போயிட்டிருக்கு.”

“சார், ரெண்டு பேருமே கூட வாங்கியிருக்காங்க சார்.”

“அவன் கூட வாங்கினது சரி மேடம். அந்தப் பொண்ணை ஏன் வாங்க விட்டீங்க?”

பதினாறு வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. காளிதாஸ் சார் பக்கத்தில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். “அரையாண்டுப் பரீட்சை அன்னைக்கு அந்தப் பையனை அவங்கப்பங்கிட்ட அனுப்பி வெச்சுட்டா என்ன டீச்சர்?” என்றார் மெதுவாக. ஆப்சென்ட் போட்டால் சைபர், இடைவெளி இன்னும் பெருகும் என்றேன். “அட கருமமே,” என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. குழுவில் சென்னியப்பன் முக்கியஸ்தர். நாற்பதாயிரம் கோழி வைத்திருக்கிறார், பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். பெற்றோர் சார்பில் பிரபாவும் உறுப்பினர். முதலாளி இருக்கிற கூட்டத்தில் அவள் பெஞ்சின் நுனியில்தான் உட்காருவாள். காளிதாஸ் சார் நிலைமையை எடுத்துச் சொன்னார். சென்னியப்பன் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஏனுங்க சார், இதுக்கா இத்தனை ரோசனை? எங்க பண்ணையில இது ஒரு பெரச்சனையே இல்லீங்க. வாரா வாரம் குஞ்செடுத்து எடை போடுவம். அத்தனையும் ஒரே எடையில இருந்தாத்தான் ஒண்ணா முட்டைக்கு வருமுங்க. எடை கம்மியா இருக்கறதத் தேத்தறது லேசுப்பட்ட வேலையில்லீங்க. மருந்து, தனிக்கூண்டு, ஆரு பாக்கறது? எடை கூடுனதுக்குத் தீனியக் கொறச்சுப் போட்டம்னா, ரெண்டே வாரத்துல எல்லாம் ஒண்ணா வந்துருமுங்க.”

காளிதாஸ் சார் முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது.

“அப்ப எம்புள்ளைக்கு எம்பது வேணுமுங்களே?” என்றாள் பிரபா.

“அதுக்குத் தனியா ஒரு லெட்டர் எழுதிடலாம்மா,” என்றார் காளிதாஸ் சார்.

“எழுதிருவாங்க பிரபா, நீ ஏன் கவலப்படற? நானும் ஒரு கையெழுத்துப் போடறன்,” என்றார் முதலாளி. அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

தீர்மானத்தை எழுதியது நான். ‘மிகைக் கற்றல் கண்டறியப்பட்ட மாணவ மாணவியருக்குப் படிப்படியான கற்றல் குறைப்பு வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எல்லோரும் பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை முதல் கற்றல் குறைப்பு தொடங்கியது. கணக்குப் பீரியடில் யுவஸ்ரீயைச் செடிக்குத் தண்ணீர் விட அனுப்பினோம். தொட்டி எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது, குழாயில் எத்தனை நிமிஷத்தில் காலியாகிறது, இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தாள். சுவரை வெள்ளையடித்து, சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ண அனுப்பினோம். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை, உடைந்தது போக எத்தனை சதவீதம் என்று சமையலம்மாவுக்கே பாடம் நடத்தினாள். அவளிடம் இருந்த நூலகச் சாவியைப் பிடுங்கினோம். பக்கோடா மடித்து வந்த காகிதத்தில் இருந்த கணக்கைப் போட்டாள். அக்டோபர் தேர்வில் தொண்ணூற்றெட்டு.

“தீனி போடாமயே பெருத்துட்டே போறாளே!” என்று காளிதாஸ் சார் புலம்பினார்.

“சில குஞ்சு அப்படித்தானுங்க சார்,” என்றார் சென்னியப்பன். “காத்தைத் தின்னே எடை போடும்.”

கடைசியில், தெரிந்த விடையை எழுதாமல் விடும்படி பிள்ளையிடமே நேரில் கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று சந்திரசேகர் சாருக்குப் போன் போட்டேன்.

“சார், இந்தப் பொண்ணு மார்க்கைக் குறைச்சா உறைவிடப் பள்ளி இடம் போயிருமே சார்.”

“அது வேற பிரிவு மேடம். நாங்க இடைவெளிப் பிரிவு. அது சிறப்புப் பிரிவு. மாடியில இருக்காங்க.”

மாடிக்குப் போன் போட்டேன். மார்க் விஷயமெல்லாம் கீழே கேளுங்கள் என்றார்கள். நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் என்னைக் கொல்லிமலைக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றினால் சாயங்காலம் நித்யஸ்ரீ வேனை விட்டு இறங்கும்போது வீட்டில் யார் இருப்பது? அப்படி நினைத்துத்தான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே சொல்லி முடித்தேன்.

யுவஸ்ரீ அழவில்லை. யோசித்தாள். “குணசீலனை விட இருபதுதான் கூட வாங்கலாமுங்களா டீச்சர்?”

“ஆமா சாமி.”

“அப்ப அவன் அறுவது வாங்கினா நான் எம்பது வாங்கலாமுங்களா?”

“வாங்கலாம் சாமி,” என்றேன்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார்கள். சாயங்காலம் மணி அடித்தும் போக மாட்டார்கள். “ஒவ்வொரு எழுத்தா படிடா. அவசரப்படாத,” என்பாள். “நான் ஒண்ணு கூட வாங்கினா உனக்கும் ஒண்ணு கூடுமா?” என்பான் அவன். “கூடும்.” “நெசமாவா?” “நெசமாத்தான்டா, படி.” எட்டு வருஷமாக அரசாங்கமும் நானும் சேர்ந்து செய்ய முடியாததை அந்தப் பெண் ஏழு வாரத்தில் செய்தாள். டிசம்பர் பிறந்தபோது குணசீலன் பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைத் தானாகப் படித்துவிட்டு, என்னிடம் ஓடி வந்து சொன்னான். அதைச் செயலியில் ஏற்றலாம் என்று தேடினேன். அதற்குக் கட்டம் இல்லை.

தேர்வு நாள் வந்தது. காளிதாஸ் சாரே கண்காணிப்பாளர். முடிய அரை மணி இருக்கும்போது குணசீலன் தாளை வாங்கி, வாசலிலேயே நின்று என்னைத் திருத்தச் சொன்னார். இது விதிமுறையில் இல்லை. தடுக்கிற விதியும் இல்லை. இரண்டு முறை கூட்டினேன். பையன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். கேள்விகளைச் சரியாகப் படித்திருந்தான். ஏழு வாரத்தில் கேள்வியைப் படிக்கத்தான் வந்திருந்தது. முழு விடையையும் எழுதுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. இருபத்தொன்று.

“யாரும் நாப்பத்தொண்ணைத் தாண்டக் கூடாது,” என்று காளிதாஸ் சார் அறிவித்தார். “கூட எழுதினவங்க அடிச்சிருங்க.”

எட்டுப் பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள். சரியான விடைகளைக் கோடு போட்டு அடிக்கிற சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. யுவஸ்ரீ எல்லாக் கேள்விக்கும் எழுதி முடித்திருந்தாள். குணசீலனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள் ஓரத்தில் கூட்டல் கழித்தல் போட்டு, எதையெதை அடிக்க வேண்டும் என்று கணக்கிட்டாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“டீச்சர், விடைய அடிச்சாலும் ஸ்டெப்புக்கு மார்க் வருமுங்களா?”

“வரும் சாமி.”

“அப்ப ஸ்டெப்பையும் அடிச்சர்றனுங்க.”

ஐம்பத்தொன்பது மார்க்கை அடித்தாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மணி அடித்ததும் குணசீலன் என்னிடம் வந்து நின்றான். “அறுவது வாங்கறேன்னு அவகிட்டச் சொல்லியிருந்தனுங்க டீச்சர்,” என்று தேம்பினான். ஒன்பதிலிருந்து இருபத்தொன்று வந்த பிள்ளை, தோற்றுப் போனதாக அழுதுகொண்டு நிற்கிறான்.

செயலி பச்சையானது. ஜனவரியில் ஜீப் வந்தது, கேடயம் வந்தது, ‘இடைவெளியற்ற பள்ளி’ என்று எழுதிய பேனர் வந்தது. சென்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். காளிதாஸ் சார் கேடயத்தைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டார்.

“இப்படி ஒரு முறையை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று சந்திரசேகர் சார் நெகிழ்ந்தார். “நூத்திப்பதினாலு பள்ளியில நூத்திப்பன்னண்டு பச்சை!”

நாங்கள் மட்டும்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்திருந்தோம். பார்த்தால் மற்றவர்களும் அவரவர் வழியில் அதையேதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு பள்ளிகள் மட்டும் பிடிவாதமாகப் பாடம் நடத்திச் சிவப்பாகிவிட்டன. அங்கே தலைமை ஆசிரியர்களுக்குப் பதினேழு பி போய்விட்டது என்று கேள்வி.

பிரபாவுக்காக லெட்டர் எழுதினோம். சென்னியப்பன் கையெழுத்தும் போட்டார், அதைக் குறை சொல்லக் கூடாது. ‘தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. உரிய பிரிவு எது என்று அதில் இல்லை.

மே மாதம் உறைவிடப் பள்ளிப் பட்டியல் வந்தது. எண்பது வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ரொம்பச் சொற்பம். அத்தனை பேரும் அந்தச் சிவப்புப் பள்ளிகள் இரண்டிலிருந்துதான். முப்பத்திரண்டு இடம் காலி. அரசாங்கம் கட்டிய கட்டடத்தைச் சும்மா பூட்டி வைக்க முடியுமா? விதி தெளிவாகவே இருந்தது: தகுதியானவர்கள் இல்லாத இடங்களைப் பிற பள்ளிகளில் தகுதி பெற்றவர்களைக் கொண்டு நிரப்பலாம். நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அறிவிப்பு வந்த முதல் நாளே விண்ணப்பித்தேன். நித்யஸ்ரீ கணக்கில் எண்பத்திரண்டு. இடம் கிடைத்துவிட்டது.

ஜூனில், சேர்க்கை அன்று வரிசையில் எனக்கு முன்னால் சந்திரசேகர் சார் மகனோடு நின்றார். பின்னால் சென்னியப்பன் பேத்தியோடு. எங்கள் பயிற்சிக் கூட்டத்தில் பார்த்த முகங்கள் இன்னும் ஏழெட்டு இருந்தன. யாரும் யாரையும் பார்க்காதது போல் பாரத்தைப் பூர்த்தி செய்தோம். “வசதியெல்லாம் நல்லா இருக்குதுங்க,” என்றார் சென்னியப்பன் பொதுவாக. ஆமாங்க என்றோம் எல்லோரும்.

அந்த வாரம் வியாழக்கிழமை, யுவஸ்ரீ அம்மாவோடு மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தாள். குணசீலனும் வந்திருந்தான். காளிதாஸ் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் சான்றிதழ் எழுதுகிற வேலையும் எனக்கே வந்திருந்தது. குணசீலன் அலமாரி முன்னால் நின்று, கேடயத்தில் இருந்ததை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். சரியாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“எந்தப் பள்ளிக்கூடம்னு எழுதட்டுமுங்க?” என்று பிரபாவைக் கேட்டேன்.

“ஒரு வருசம் பண்ணைக்கு வரட்டுமுங்க டீச்சர். அப்பறம் பாக்கலாம். உங்க பாப்பாவுக்கு ஆஸ்டல் பள்ளிக்கூடம் கெடச்சுதாமா. மொதலாளி சொன்னாருங்க. நல்லா இருக்கட்டுமுங்க.” அவள் மனசாரத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

யுவஸ்ரீ மேஜைக்கு அருகில் வந்தாள். “பாப்பா எத்தனைங்க டீச்சர்?”

“எண்பத்திரண்டு சாமி.”

“எனக்கு நாப்பத்தொண்ணுங்க.” வாய்க்குள் கழித்துப் பார்த்தாள். “நாப்பத்தொண்ணு வித்தியாசம் வருதுங்களே டீச்சர். உங்க போன்ல செவப்புக் காட்டலீங்களா?”

நான் போனை எடுத்துச் செயலியைத் திறந்தேன். பச்சையாகத்தான் இருந்தது.